கியர் காரா, ஆட்டோமேட்டிக்கா? முதலில் இடது காலைக் கேளுங்கள்!

மாலை ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் சுங்குவார்சத்திரம் கூட்டுரோட்டைக் கடந்தவர்களுக்குத் தெரியும். கம்பெனி பஸ்கள், கன்டெய்னர் லாரிகள், வாலாஜாபாத் சாலையிலிருந்து வந்து சேரும் வண்டிகள் எல்லாம் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் முட்டி நிற்கும். பத்தடி நகர்ந்தால் பிரேக், மறுபடியும் பத்தடி. கிளட்ச்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் கடுக்கும்போதுதான், 'அடுத்த கார் ஆட்டோமேட்டிக்தான்' என்று மனது சொல்லும்.

ஆனால், ஷோரூமில் ஏ.எம்.டி, சி.வி.டி, டி.சி.டி, ஐ.எம்.டி என்று அடுக்கும்போது தலை சுற்றும். இத்தனைக்கும் இந்த நான்கு வகையுமே இந்த வட்டாரத்தில் தயாரானவைதான். ஒரகடம் ஆலையிலிருந்து ரெனோ க்விட் ஏ.எம்.டி-யும், நிஸான் மேக்னைட் சி.வி.டி-யும் வந்தன. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலை வென்யூ காரில் டி.சி.டி, ஐ.எம்.டி இரண்டையும் தந்தது.

எது என்ன?

ஏ.எம்.டி: உள்ளே இருப்பது சாதாரண கியர்பாக்ஸ்தான். கிளட்ச்சையும் கியரையும் உங்களுக்குப் பதிலாக ஒரு கருவி இயக்குகிறது. விலை குறைவு; மைலேஜும் கியர் காருக்கு நெருக்கமாகவே இருக்கும். கியர் மாறும்போது லேசாகத் தலையாட்டும்.

சி.வி.டி: தனித்தனிப் பற்சக்கரங்களுக்குப் பதில் பெல்ட்டும் கப்பிகளும். குலுக்கலே இல்லாமல் வழுக்கிப் போகும். சட்டென்று மிதித்தால் இன்ஜின் சத்தம் முன்னே ஓடும், வேகம் பின்னால் வரும்.

டி.சி.டி: இரண்டு கிளட்ச். கியர் கண் இமைப்பதற்குள் மாறும். நெடுஞ்சாலையில் சுகம், விலை அதிகம். ஊர்ந்து செல்லும் நெரிசலில் கிளட்ச் சூடாக வாய்ப்புண்டு.

ஐ.எம்.டி: கிளட்ச் பெடல் இருக்காது. ஆனால், கியரைக் கையால் நீங்கள்தான் மாற்ற வேண்டும்.

யாருக்கு எது?

தினமும் நெரிசலில் ஒரு மணி நேரம் நிற்பவர், முழங்கால் வலி உள்ளவர், வீட்டில் இரண்டு மூன்று பேர் மாறி மாறி ஓட்டுபவர் எனில் ஆட்டோமேட்டிக்குக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீணாகாது. வாரத்துக்கு ஒருமுறை கோயில், கல்யாணம் என்று கார் எடுப்பவருக்கு கியர் காரே போதும். விலை குறைவு, கிளட்ச் தேய்ந்தால் உள்ளூர் மெக்கானிக்கே மாற்றிவிடுவார், பேட்டரி இறங்கினால் தள்ளியும் ஸ்டார்ட் செய்யலாம். ஆட்டோமேட்டிக்கில் அது நடக்காது.

பழகும்வரை கவனம்!

கியர் காரிலிருந்து மாறுபவர்களுக்கு ஆபத்தே இடது கால்தான். கிளட்ச் என்று நினைத்து பிரேக்கை அழுத்தினால் கார் நடுரோட்டில் நின்றுவிடும். பின்னால் லாரி வந்துகொண்டிருக்கும். இடது காலை ஓரமாக வைத்துவிட்டு, பிரேக், ஆக்ஸிலரேட்டர் இரண்டுக்கும் வலது காலை மட்டுமே பயன்படுத்துங்கள்.

ஏ.எம்.டி கார்கள் பலவற்றில் 'பி' என்ற பார்க்கிங் நிலை கிடையாது. நியூட்ரலில் விட்டு இறங்கினால் சரிவில் உருளும். எனவே பிரேக்கை மிதித்தபடி கியரில் விட்டு, இன்ஜினை அணைத்து, ஹேண்ட்பிரேக் போட்ட பிறகே இறங்குங்கள். மேட்டில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தபடியே காரைப் பிடித்து நிறுத்தாதீர்கள். ஏ.எம்.டி, டி.சி.டி இரண்டிலும் கிளட்ச் உண்டு, அது தேயும்.

இதே நெடுஞ்சாலை வழியாக ஏலகிரிக்குப் போகிறவர்கள், கீழே இறங்கும்போது 'டி'-யில் விட்டுவிட்டு பிரேக்கையே நம்பி வராதீர்கள். மேனுவல் மோடுக்கோ, 'எல்' நிலைக்கோ மாற்றி, வேகத்தை இன்ஜினே கட்டுப்படுத்தும்படி இறங்குங்கள்.

கடைசியாக ஒன்று. டெஸ்ட் டிரைவை ஞாயிறு காலை காலியான ரோட்டில் முடித்துவிடாதீர்கள். நீங்கள் தினமும் வீடு திரும்பும் நேரத்தில், அதே ரோட்டில் கேளுங்கள். வீட்டில் யாரெல்லாம் ஓட்டுவார்களோ அவர்களையும் ஸ்டீயரிங் பிடிக்கச் சொல்லுங்கள். ஒரு மேம்பாலத்தின் ஏற்றத்தில் நிறுத்தி, மறுபடி கிளம்பிப் பாருங்கள். விற்பனையாளர் சொல்லாத பதிலை அந்த ஏற்றம் சொல்லிவிடும்!