சிப் மேல் பழி போடாதீர்கள்

தஞ்சாவூர் – கும்பகோணம் சாலையில் பண்டாரவாடை, ராஜகிரி, பாபநாசம் மூன்றும் அடுத்தடுத்து வந்துவிடும். வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ ஒருவராவது இல்லாத தெரு இந்தப் பக்கம் குறைவு. 2000-களில் லீவுக்கு ஊர் வந்தவர்களின் பெட்டியில் கோடாலித் தைலத்துக்கும் பெர்ஃப்யூமுக்கும் நடுவே துணி சுற்றி வந்த இன்னொரு சாமான், பிளேஸ்டேஷன் 2. அன்று அதில் கிரிக்கெட் 07 ஆடியே பரீட்சையைக் கோட்டைவிட்ட பையன்களுக்கு இன்று பள்ளிக்கூடம் போகும் வயதில் பிள்ளைகள். பரணிலிருந்து செட்டை இறக்கித் துடைத்துப் போட்டுப் பார்க்கிறார்கள். டிஸ்க்கை ஏற்க மறுக்கும் சிவப்புத் திரைதான் வருகிறது. உடனே மெக்கானிக்கிடம் தூக்கிப்போய், “சிப் போயிருச்சுண்ணே” என்கிறார்கள்.

பெரும்பாலும் போயிருப்பது சிப் இல்லை.

வெளியிலிருந்து பற்றவைத்த அந்த சிப் எதற்கு உள்ளே வந்தது என்பதை முதலில் பார்த்துவிடலாம். சோனி உலகத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து விற்றது. செட்டின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களைப் பாருங்கள். 00 ஜப்பான், 01 அமெரிக்கா, 03 பிரிட்டன், 04 ஐரோப்பா, 06 சிங்கப்பூர், ஹாங்காங் பக்கம். சிங்கப்பூர் மாமா வாங்கிவந்த செட்டில் துபாய் சித்தப்பா வாங்கிவந்த டிஸ்க் ஓடாது. காசு கொடுத்து வாங்கிய அசல் டிஸ்க்காகவே இருந்தாலும் ஓடாது. சிப் போட்டால் ஓடும். நியாயமான காரணம்தான். ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டுமென்றால், முக்கால்வாசிப் பேர் சிப் போட்டது பர்மா பஜாரில் வாங்கிய காப்பி டிஸ்க்கை ஓட்டத்தான்.

1994 டிசம்பரில் ஜப்பானில் வந்த முதல் பிளேஸ்டேஷனில் பூட்டு எளிமையானது. அசல் டிஸ்க்கின் உள்வட்டத்தில், தடம் மிக நுணுக்கமாக நெளிந்து நெளிந்து போகும். அந்த நெளிவுக்குள் நான்கெழுத்துக் குறி ஒன்று ஒளிந்திருக்கும். வீட்டுக் கம்ப்யூட்டரில் டிஸ்க்கைக் காப்பி அடித்தால் விளையாட்டு மொத்தமும் வந்துவிடும், நெளிவு மட்டும் வராது. எட்டுக் கால் உள்ள சின்ன மைக்ரோகன்ட்ரோலர் ஒன்றைச் சில வயர்களோடு போர்டில் பற்றவைத்தால், குறி டிஸ்க்கிலிருந்து வருவதாகவே செட் நம்பும். சிப் என்பது பொய்ச்சாட்சி, அவ்வளவுதான். பி.எஸ்.2-ல் சாட்சிக்கு வேலை கூடிவிட்டது. பயாஸ், ரீசெட், டிஸ்க் கன்ட்ரோலர் என்று இருபதுக்கும் மேற்பட்ட இடங்களில், தலைமுடியை விடக் கொஞ்சமே தடித்த வயர்களைப் பற்றவைக்க வேண்டும். கோளாறுக்கும் அத்தனை இடம் உண்டு என்று அர்த்தம்.

சட்டம் ஊருக்கு ஊர் மாறுகிறது. இந்த சிப் விற்றவர் மேல் சோனி போட்ட வழக்கில், 2005-ல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் விற்றவர் பக்கம் தீர்ப்பளித்தது. நம் நாட்டில் 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தில் 65ஏ பிரிவு சேர்ந்தது. உரிமையை மீறும் எண்ணத்தோடு இப்படிப்பட்ட பூட்டை உடைத்தால் இரண்டு வருடம் வரை சிறை உண்டு. அதனால் இங்கே பேசுவது, உள்ளே ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் சிப்போடு பழைய செட்டை எப்படிப் பிழைக்க வைப்பது என்பதை மட்டும்.

திருப்புளியை எடுக்கும் முன் இரண்டு டிஸ்க் தேடுங்கள்: ஒரு பாட்டு சி.டி., ஒரு சினிமா டி.வி.டி. 2007-ல் மோசர் பேயர் 34 ரூபாய்க்குப் படம் விற்றதே, அந்த டி.வி.டி. வீட்டில் எங்காவது கிடக்கும். பி.எஸ்.2-ன் லென்ஸில் இரண்டு லேசர்கள் இருக்கின்றன. சி.டி.க்கு ஒன்று, டி.வி.டி.க்கு ஒன்று. பாட்டும் படமும் ஓடுவதற்கு சிப்பின் தயவு தேவையில்லை. பாட்டு ஓடிப் படம் ஓடவில்லை என்றால் டி.வி.டி. லேசர் களைத்துவிட்டது. நீல அடிப்பாகம் கொண்ட விளையாட்டு டிஸ்க்குகள் ஓடி, வெள்ளி நிற டிஸ்க்குகள் மட்டும் ஓடாமல் போவதும் இதனால்தான். இரண்டுமே ஓடவில்லை என்றால் லென்ஸ் அழுக்கு, அல்லது அதன் ரிப்பன் கேபிள். இரண்டும் ஓடி விளையாட்டு மட்டும் வரவில்லை என்றால்தான் சிப் பக்கம் திரும்ப வேண்டும். ஒரு எச்சரிக்கை: அலமாரியில் இருப்பது வி.சி.டி.யாக இருந்தால் அதை வைத்துச் சோதிக்காதீர்கள். பி.எஸ்.2 நல்ல நிலையில் இருந்தாலும் வி.சி.டி. ஓட்டாது.

நம் பக்கத்து லென்ஸ் அழுக்கு தனி ரகம். தை மாதம் சம்பா அறுவடையில் கதிரடிக்கிற தூசி, தெருவைத் தாண்டி வீட்டுக்குள் வந்து ஃபேன் உள்ள எதிலும் குடியேறிவிடும். பரணில் பல வருடம் கிடந்த செட்டென்றால் கரப்பான் முட்டையும் பல்லி எச்சமும் சேர்ந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரம் வேறு. பற்றவைத்தபோது துடைக்காமல் விட்ட ஃப்ளக்ஸ், அந்த ஈரத்தில் பச்சைப் பூத்து ஈயத்தையும் வயரையும் அரிக்கும்.

போர்டைத் திறந்தால் மெக்கானிக்குகள் முதலில் தேடுவது ‘டிரை சால்டர்’. பூதக்கண்ணாடியில் பார்த்தால் நல்ல ஈயம் பளபளவென்று இருக்கும். மங்கிப்போய், வயரைச் சுற்றி மோதிரம் போலக் கீறல் விட்டிருந்தால் அங்கே தொடர்பு விட்டு விட்டு வருகிறது. செட் குளிர்ந்திருக்கும்போது ஓடி, சூடானதும் நிற்கும். மூங்கில் குச்சியால் வயரை மெல்லத் தொட்டாலே தெரிந்துவிடும். ஃப்ளக்ஸ் தொட்டு ஒரு முறை சூடு காட்டினால் பாதி செட்டுகள் அங்கேயே எழுந்து உட்கார்ந்துவிடும்.

பவர் போட்டும் திரை கறுப்பாகவே இருந்தால், சிப்புக்கு 3.3 வோல்ட் கொடுக்கும் ஒரே ஒரு வயரை மட்டும் எடுத்துவிட்டுப் பாருங்கள். மெனு வந்தால் குற்றவாளி சிப் அல்லது அதன் வயரிங். வராவிட்டால் சிப்பை விட்டுவிட்டு பவர் சப்ளை, ஃபியூஸ் என்று போக வேண்டும். இந்த நிலையில் அசல் டிஸ்க் போட்டுச் சோதிப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: சிப் அணைந்திருக்கும்போது பகுதிப் பூட்டு மறுபடி விழுந்துவிடும். 06 செட்டில் ஐரோப்பிய அசல் டிஸ்க் போட்டால் சிவப்புத் திரைதான் வரும். அதைப் பார்த்து லென்ஸ் மாற்றிக் காசைத் தொலைத்தவர்கள் உண்டு. படம் கறுப்பு வெள்ளையில் வருகிறதென்று சிப்பைத் திட்டுவதும் இதே கதை. விளையாட்டு என்.டி.எஸ்.சி., பழைய டி.வி. ‘பால்’ சிஸ்டம். டி.வி.யின் மெனுவில் மாற்றினால் கலர் வந்துவிடும்.

01 என்று முடியும் பெரிய மாடல் இருந்தால் முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். அதன் பவர் சப்ளை 120 வோல்ட்டுக்கானது. நம் 230-ல் செருகினால் அங்கேயே காலி.

லென்ஸ் போவதில் சிப்புக்கும் உண்மையிலேயே ஒரு பங்கு உண்டு. அது உள்ளே விடும் மட்டமான காப்பி டிஸ்க்கை வாசிக்க முடியாமல் லென்ஸ் மேலும் கீழும் தவிக்கும்போது, சில மாடல்களில் அதை அசைக்கும் காயிலில் அளவுக்கு மீறி கரண்ட் பாய்ந்து கருகிவிடும். ‘டிக் டிக்’ என்று சத்தம் தொடர்ந்தால் டிஸ்க்கை வெளியே எடுத்துவிடுங்கள். இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று விட்டால் லென்ஸ் போய்விடும்.

செத்த சிப்பை எடுத்துவிட்டுப் புது சிப் போடலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். வயர் தொட்ட இடத்தையே மறுபடி சூடாக்கினால் போர்டின் செம்புத் தடம் உரிந்துவரும். 2008-லேயே மெமரி கார்டில் ஒரு மென்பொருளை ஏற்றி, சால்டரிங் அயர்னைத் தொடாமல் அதே வேலையை முடிக்கும் வழி வந்துவிட்டது. கடைசியாக வந்த 90000 வரிசையில் சிலவற்றில் அது எடுபடாது. அவற்றுக்கும் 2020-ல் செட்டுக்குள் இருக்கும் டி.வி.டி. பிளேயரின் ஓட்டை வழியாக வழி கண்டுபிடித்தார்கள். ஹைதராபாத்தில் உருவாகி 2009-ல் வந்த ‘ஹனுமான்: பாய் வாரியர்’ போன்ற நம்மூர் விளையாட்டின் அசல் டிஸ்க் கையில் இருந்து, செட்டும் ‘பால்’ வகையாக இருந்தால் இது எதுவுமே தேவையில்லை.

மெக்கானிக்கிடம் செட்டைக் கொடுக்கும்போது அந்தப் பாட்டு சி.டி.யையும் சினிமா டி.வி.டி.யையும் கூடவே கொடுங்கள். மெமரி கார்டை மட்டும் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள். அது தொலைந்தால் எந்த மெக்கானிக்காலும் பழைய ஸ்கோரைத் திருப்பித் தர முடியாது.