பக்கத்தில் இருந்தும் பார்க்காத கரை: நெல்லியடியில் இருந்து ஒரு நாள் பயணம்

ஓகஸ்ட் பிறந்தால் நெல்லியடிச் சந்தியில் வாடகை வான்கள் கூடிவிடும். புலம்பெயர்ந்த உறவுகள் விடுமுறைக்கு வரும் காலம் அது. கடந்த முறை இத்தாலியின் பலேர்மோவில் இருந்து வந்த உறவினரின் மகள், அங்கிருந்து ரயிலில் ஒரு மணித்தியாலத் தூரத்தில் உள்ள செஃபலு என்ற கடலோரச் சிற்றூரின் படங்களைக் காட்டினாள். ஊருக்கு மேலே ஒரு பெரிய பாறை, 12ஆம் நூற்றாண்டுத் தேவாலயம், மீன்பிடி வள்ளங்கள், நடைபாதை. காட்டிவிட்டு, "மாமா, இங்க பார்க்கிறதுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டாள்.

உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் கரையின் பெரும்பகுதி முள்ளுக்கம்பிக்கும் காவலரணுக்கும் பின்னால் இருந்தது. வாடைக் காலத்து இரவுகளில் கடல் இரைவது வீட்டுக்குக் கேட்கும். கரைக்குப் போக முடியாது. என் வயதுப் பலருக்கு வடமராட்சிக் கடற்கரை இப்போதுதான் அறிமுகமாகிறது. அந்தப் பிள்ளைக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இங்கே எழுதுகிறேன்.

நெல்லியடியில் கடல் இல்லை. ஆனால் வடக்கே வல்வெட்டித்துறைக்கும் பருத்தித்துறைக்கும், கிழக்கே மணற்காட்டுக்கும் போகும் வழிகளுக்கு நடுவில் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இருந்து வருபவர்கள் 750 இலக்கப் பேருந்தில் வந்து சந்தியில் இறங்கலாம். ஓட்டோவிலோ மோட்டார் சைக்கிளிலோ ஒரே நாளில் எல்லாவற்றையும் சுற்றிவரலாம். சைக்கிள் என்றால் விடியமுன் வெளிக்கிட வேண்டும்.

காலை: வல்லை வெளியும் தொண்டைமானாறும்

முதலில் வல்லை வெளி. வீதியின் இரு பக்கமும் நீரேரி விரிந்து கிடக்கும். மாரி மாதங்களில் வெளிநாட்டுப் பறவைகள் வந்து இறங்கும். ஏழு மணிக்கு முன் போனால் நன்றாகப் பார்க்கலாம். அங்கிருந்து வடக்கே திரும்பினால் தொண்டைமானாறு. நீரேரி கடலோடு சேரும் இடத்தில் தடுப்பணை உள்ளது. கடல்நீர் உள்ளே வராமல் மறித்து, மழைநீரைத் தேக்கி, குடாநாட்டின் நிலத்தடி நீரைக் காப்பதே அதன் நோக்கம்.

அருகில் செல்வச்சந்நிதி முருகன் ஆலயம். பூசகர் வாயைத் துணியால் கட்டி, மந்திரம் சொல்லாமல் மௌனமாகப் பூசை செய்யும் கோயில் இது. கதிர்காமப் பாதயாத்திரை இங்கிருந்துதான் தொடங்குகிறது. மதியம் அன்னதானத்தில் யாரும் அமரலாம்.

வல்வெட்டித்துறையில் இருந்து பருத்தித்துறை வரை

இந்தப் பக்கக் கரை முருகைக்கற் பாரால் ஆனது. அலை பாரில் உடைந்துவிடுவதால் கரையோரம் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். பாய்க்கப்பல் கட்டியவர்களின் ஊர் வல்வெட்டித்துறை. இங்கே கட்டப்பட்ட அன்னபூரணி என்ற கப்பலை 1937இல் ஓர் அமெரிக்கர் வாங்கினார். அது 1938இல் அத்திலாந்திக்கைத் தாண்டி மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. தைப்பொங்கலன்று உதயசூரியன் கடற்கரையில் நடக்கும் பட்டப் போட்டிக்கு இன்று நாடெங்கும் இருந்து சனம் வருகிறது. வாடைக் காற்றில் விண் பூட்டிய பட்டங்கள் கூவுவதைக் கேட்கவே போகலாம்.

இதே ஊரில் 1989 ஓகஸ்ட் தொடக்கத்தில் இந்திய அமைதிப்படையினரால் ஐம்பதுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். புலம்பெயர் உறவுகள் அதிகமாக வருவதும் ஓகஸ்டில்தான். நீங்கள் படம் எடுக்கும் ஒழுங்கையில் ஒரு வீட்டில் அன்று திவசம் நடக்கலாம். சத்தத்தைக் குறைத்துப் போங்கள். யாராவது கதைக்க விரும்பினால் இருந்து கேளுங்கள். நீங்களாகத் தோண்டிக் கேட்க வேண்டாம்.

கரையோர வீதியால் கிழக்கே போனால் இலங்கையின் வடமுனையான சக்கோட்டை. பிறகு பருத்தித்துறை நகரம். தும்பளைப் பக்கம் போகும் வீதிக்கு மேலேயே கூரையிட்டுக் கட்டிய தெருமூடி மடத்தைத் தவறவிடாதீர்கள். வழிப்போக்கர் இளைப்பாறக் கட்டியது. இன்றும் அதன் ஊடாகத்தான் வாகனங்கள் போகின்றன. 1916இல் கட்டிய வெளிச்சவீட்டை வெளியில் நின்றுதான் பார்க்கலாம். படமெடுக்க முன் கேட்டுக்கொள்ளுங்கள். கையில் ஒரு பை பருத்தித்துறை வடையோடு அடுத்த இடத்துக்குப் போகலாம்.

பின்னேரம்: வல்லிபுரமும் மணற்காடும்

பருத்தித்துறைக்குத் தென்கிழக்கே கரையின் குணம் மாறுகிறது. பார் முடிந்து மணல் தொடங்குகிறது. வல்லிபுர ஆழ்வார் கோயில் அந்த மணலுக்குள் இருக்கிறது. புரட்டாதியில் சுவாமி கடலுக்குப் போய்த் தீர்த்தமாடும் நாளில் கரை முழுக்கச் சனமாக இருக்கும். 1936இல் இங்கே கிடைத்த பொன்னேட்டில் பிராமி எழுத்துகள் உள்ளன. அதற்கு எப்படிப் பொருள் கொள்வது என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். இரண்டாயிரம் ஆண்டளவில் இங்கே மக்கள் வாழ்ந்தார்கள் என்பதில் சந்தேகமில்லை.

அடுத்தது மணற்காடு. சவுக்கங்காட்டைத் தாண்டி நடந்தால் வெள்ளை மணல்மேடுகள். அவற்றுக்கு நடுவே, பாதி மணலில் புதைந்த பழைய அந்தோனியார் தேவாலயத்தின் சுவர்கள். காற்று மணலை நகர்த்திக்கொண்டே இருக்கும். அப்படி நகர்ந்த மணல்தான் அதை மூடியது. மணலைப் பிடித்து வைக்கவே சவுக்கு நடப்பட்டது. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலை இந்தக் கிராமத்தையும் அடித்துச் சென்றது. தேவாலயச் சுவரில் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள். அது ஒரு ஊரின் கோயில்.

குளிக்க விரும்புவோர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். வடக்குக் கரையில் உள்ளது போல இங்கே அலையைத் தடுக்கப் பார் இல்லை. வாடைக் காலத்தில், அதாவது கார்த்திகையில் இருந்து மாசி வரை, கடல் மூர்க்கமாக இருக்கும். அப்போது இறங்கவே வேண்டாம். மற்ற மாதங்களிலும் கரைவலை இழுப்பவர்களிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். நீரோட்டம் வெளியே இழுத்தால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுவை விட்ட பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும்.

மணற்காட்டுக்குத் தெற்கே நாகர்கோவில் வரை போவோர், 1995 செப்டெம்பர் 22 விமானக் குண்டுவீச்சில் மாணவர்களைப் பறிகொடுத்த பள்ளிக்கூடம் அங்கே இருப்பதை அறிந்து போக வேண்டும். அதற்கு அப்பால் பல ஆண்டுகள் முன்னரங்காக இருந்த நிலம். மண்டையோட்டு அடையாளப் பலகை உள்ள இடங்களில் பாதையை விட்டு ஓர் அடியும் வைக்காதீர்கள்.

மணல் இருந்தால்தான் தண்ணீர்

மணல்மேட்டைப் பார்க்க வருபவர்கள் அறிய வேண்டிய இன்னொரு விடயம் இருக்கிறது. குடாநாட்டில் நிரந்தரமாக ஓடும் ஆறு கிடையாது. நிலத்தடி நன்னீர் முழுக்க மழையால் வருவது. மணல்மேட்டில் விழும் மழை கீழே வடிந்து, உப்புநீரை விடப் பாரம் குறைந்தது என்பதால் அதன் மேல் ஒரு வில்லை போல மிதந்து நிற்கும். கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை அது உப்புநீரைத் தள்ளி வைக்கும் என்பது நிலத்தடி நீரியலின் பொதுக் கணக்கு. மேட்டை வெட்டினால் மேலே நிற்கும் நீர் குறையும், கீழிருந்து உப்பு ஏறும். கடற்கரையில் இருந்து சில நூறு மீற்றரில் நல்ல தண்ணீர்க் கிணறுகள் இருப்பது இந்த மணலால்தான்.

வடமராட்சி கிழக்கில் அனுமதியில்லாமல் மணல் ஏற்றுவதை எதிர்த்து ஊரவர்கள் பல தடவை வீதிக்கு இறங்கியிருக்கிறார்கள். புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இன்றி மணல் அகழ்வது குற்றம். வீடு கட்டுவோர், வெளிநாட்டுக் காசில் மதில் எழுப்புவோர் உட்பட, மணல் ஏற்றி வருபவரிடம் அந்தப் பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். கேட்காமல் இரவில் பறிக்கப்படும் ஒவ்வொரு லோட்டும் எங்கோ ஒரு கிணற்றை உப்பாக்குகிறது.

உறவினரின் மகளை அன்று பின்னேரம் மணற்காட்டுக்குக் கூட்டிப்போனேன். மேட்டில் இருந்து பத்துத் தடவை சறுக்கி விளையாடினாள். இறங்கும்போது ஒரு பக்கம் இயந்திரத்தால் வெட்டிய பள்ளத்தைக் கண்டு, "இது யார் வெட்டினது?" என்று கேட்டாள். வீடு கட்டுவதற்காக வெட்டியது என்றேன். அவளின் தகப்பனும் இந்த முறை வந்தது ஊரில் வீடு கட்டத்தான். அன்றிரவு அவர் மேசனைத் தொலைபேசியில் அழைத்து, மணல் எங்கிருந்து வருகிறது என்று விசாரித்தார்.