பாலைநில எலுமிச்சை இன மரங்கள்

பாலைநில எலுமிச்சை இன மரங்கள் என்பவை வெப்பமும் வறட்சியும் மிகுந்த நிலங்களில் பாசன நீரைக் கொண்டு வளர்க்கப்படும் ஆரஞ்சு, எலுமிச்சை போன்ற பழமரங்கள் ஆகும். ஐக்கிய அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பீனிக்சு, யூமா நகரங்களைச் சூழ்ந்த தாழ்நிலப் பாலையில் இவை வளர்கின்றன. அங்கு கோடை வெப்பநிலை 43 °செ-ஐத் தாண்டுவதுண்டு. குளிர்கால இரவுகளில் உறைபனியும் விழுவதுண்டு.

வகையும் வேர்ச்செடியும்

கிரேப்புரூட் மரம் இவ்வெப்பத்தில் செழித்து வளரும். லிசுபன் எலுமிச்சையும் ஏற்றது. நேவல் ஆரஞ்சு இங்கு குறைவாகவே காய்க்கும்.

விற்பனைக்கு வரும் கன்றுகள் பெரும்பாலும் வேறொரு வகையின் வேர்ப்பகுதியில் ஒட்டுக்கட்டப்பட்டவை. இவ்வேர்ப்பகுதி வேர்ச்செடி எனப்படும். சுண்ணாம்பு மிகுந்த பாலை மண்ணில் மூவிலை ஆரஞ்சு வேர்ச்செடி இரும்புச்சத்தை எளிதில் பெறாது; இலைகள் மஞ்சளாகும். புளிப்பு ஆரஞ்சு வேர்ச்செடி அம்மண்ணைத் தாங்கும். எனவே பழவகையுடன் வேர்ச்செடியின் பெயரையும் கேட்டறிந்து வாங்குதல் வேண்டும். ஒட்டுக்குக் கீழே தோன்றும் துளிர்களை நீக்காவிடின், அவை வளர்ந்து நல்ல வகையை நலிவுறச் செய்யும்.

வாங்குமிடம்

பசுமையாதல் நோய் பாக்டீரியாவால் உண்டாகிச் சிலிட் என்னும் சிறுபூச்சியால் பரவுகிறது. நோயுற்ற மரத்தை முற்றிலும் குணப்படுத்த இயலாது. 2005 ஆம் ஆண்டில் புளோரிடாவில் கண்டறியப்பட்ட இந்நோய், அம்மாநிலத்தின் ஆரஞ்சு விளைச்சலைப் பெருமளவு குறைத்தது. ஆகவே வெளிமாநிலக் கன்றுகளைக் கொண்டுவருவதை அரிசோனா சட்டத்தால் கட்டுப்படுத்துகிறது. உள்ளூர் நாற்றுப்பண்ணையில் வாங்கிய கன்றை, உறைபனிக் காலம் முடிந்தபின் இளவேனிலில் நடுவது வழக்கம்.