லெகோ கட்டிகளில் யாப்பஹுவக் கோட்டை

கத்தாரில் வேலை செய்யும் என் மாமா கடந்த வருடம் விடுமுறையில் வந்தபோது, பெட்டியின் அடியிலிருந்து ஒரு தலையணை உறையை எடுத்தார். வாய் இறுக்கிக் கட்டியிருந்தது. தூக்கினால் கலகலவென்று சத்தம். அவர் வேலை செய்த வீட்டுப் பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் வேண்டாம் என்று விட்ட லெகோ கட்டிகள் அவை. என் தம்பிக்கென்றுதான் கொண்டு வந்தார். தம்பிக்குக் கிரிக்கெட் தவிர வேறு உலகம் இல்லை. இரண்டு நாளில் மறந்துவிட்டான். கட்டிகள் ஒரு பழைய பெயின்ற் வாளிக்குள் போயின. வாளி என் மேசைக்குக் கீழே வந்தது.

“ஏ.எல். படிக்கிற பிள்ளைக்கு இது என்ன விளையாட்டு? பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் குடு” என்று உம்மா சொன்னார். நான் கொடுக்கவில்லை. இவ்வருடக் கல்லூரிக் கண்காட்சிக்கு அந்த வாளியிலிருந்து ஒரு மத்தியகாலக் கோட்டையை எடுப்பதாக வாக்குக் கொடுத்தேன். அதை எப்படி வடிவமைத்தேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கண்காட்சியில் பலர் கேட்டார்கள். நின்று பதில் சொல்ல நேரம் இருக்கவில்லை.

முதலில் கட்டியைப் பற்றிச் சில வரிகள். டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற ஊரில் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் 1932இல் மர விளையாட்டுப் பொருட்கள் செய்யத் தொடங்கினார். ‘நன்றாக விளையாடு’ என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களிலிருந்து லெகோ என்ற பெயர் வந்தது. இன்றைய வடிவக் கட்டிக்கு அவருடைய மகன் 1958 ஜனவரி 28இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். மேலே குமிழ்கள், உள்ளே குழாய்கள். குமிழ் குழாய்களுக்கு இடையில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். பசையும் இல்லை, சாந்தும் இல்லை. எட்டுக் குமிழ் கொண்ட ஒரே நிறக் கட்டிகள் ஆறை எடுத்தால் 915,103,765 விதமாகப் பொருத்தலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சேர்மானமும் வரிசைமாற்றமும் படிக்கும் தோழிகள் இதைக் கேட்டுப் பெருமூச்சு விட்டார்கள்.

லெகோ நிறுவனம் 1978இல் வெளியிட்ட முதற்பெரும் கோட்டை மஞ்சள் நிறம். கல் கோட்டைக்கு ஏன் மஞ்சள்? சாம்பல் நிறக் கட்டிகளைத் தாராளமாகக் கொடுத்தால் பிள்ளைகள் யுத்த டாங்கி கட்டிவிடுவார்கள் என்ற தயக்கம்தான் காரணம் என்று சொல்லப்படுகிறது. ஆனையிறவு வீதியோரத்தில் நிற்கும் கவச வாகனத்தைப் பஸ் யன்னலால் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தத் தயக்கம் பிடித்திருந்தது. ஆனால் அதனால் எனக்கு நட்டம். என் வாளியிலும் சாம்பல் நிறம் குறைவு. சிவப்பும் மஞ்சளும் நீலமும்தான் நிறைய.

எந்தக் கோட்டையைக் கட்டுவது? வாளியில் தலைக்கவசம் உடைந்த ஒரு குதிரைவீரன் கிடந்தான். அவனைப் பார்த்ததும் எல்லோருக்கும் நினைவு வந்தது நான்கு மூலைக் கோபுரமும் தூக்குப்பாலமும் கொண்ட ஐரோப்பியக் கோட்டைதான். ஒருத்தி பண்டார வன்னியனைச் சொன்னாள். அவன் 1803 ஆகஸ்ட் 25இல் ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றிய முல்லைத்தீவுக் கோட்டை நல்ல யோசனைதான். ஆனால் அது ஒல்லாந்தர் கட்டியது, மத்தியகாலத்துக்குப் பிந்தியது. அதற்கு முந்திய வன்னிமைகளுக்குக் காடும் குளமுமே அரண். காட்டைக் கட்ட என்னிடம் பச்சைக் கட்டிகள் இருக்கவில்லை.

எனக்கு யாப்பஹுவ தோன்றியதற்குக் காரணம் உம்மும்மா. அவர் தண்ணீரூற்றைச் சேர்ந்தவர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது ஒரு பையோடு புத்தளம் போய், அங்கேயே என் உம்மாவைக் கட்டிக் கொடுத்தவர். உறவினரைப் பார்க்கப் புத்தளம் போய்த் திரும்பும் வழியில் ஒருமுறை எங்களை யாப்பஹுவவுக்குக் கூட்டிப் போனார். வவுனியாவிலிருந்து ரயிலில் போனாலும் மாஹோவில் இறங்கினால் கிட்டத்தான். சமவெளியில் திடீரென்று சுமார் 90 மீற்றர் உயரத்தில் ஒரு பாறை. அதன் தென்புற அடிவாரத்தைச் சுற்றிப் பிறை வடிவில் மதிலும் அகழியும். பாறையின் இடுப்பு வரை ஏறும் கல் படிக்கட்டு, அதன் இருபுறமும் கல் சிங்கங்கள். பழைய பத்து ரூபாய்த் தாளில் இருந்த சிங்கம் அங்குள்ளதுதான். 1272 முதல் 1284 வரை ஆண்ட முதலாம் புவனேகபாகு மன்னனின் தலைநகர் அது.

“யாப்பஹுவவா? அது எங்கட சரித்திரம் இல்லையே” என்றாள் என் வகுப்புத் தோழி. அப்போது என்னிடம் பதில் இல்லை. நூலகத்தில் தேடினேன். புவனேகபாகு 1283இல் எகிப்துக்கு ஒரு தூதுக்குழுவை அனுப்பியிருக்கிறான். கெய்ரோவில் இருந்த மம்லூக் சுல்தான் கலாவூனுடன் நேரடி வணிகம் செய்ய வேண்டும் என்பது கோரிக்கை. முத்து, இரத்தினம், யானை, கறுவா எல்லாம் தன்னிடம் உண்டு என்று எழுதியிருக்கிறான். அந்தக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் பெயர் அல்ஹாஜ் அபூ உஸ்மான். இதே சுல்தான் கலாவூன்தான் 1285இல் சிரியாவில் சிலுவைப்போர் வீரர்களிடமிருந்து அல்மர்கப் கோட்டையைக் கைப்பற்றியவர். அதாவது, என் வாளியில் கிடந்த குதிரைவீரனின் கோட்டைகளும் யாப்பஹுவவும் ஒரே காலத்தவை. தோழியிடம் இதைக் காட்டினேன். “சரி, கட்டு” என்றாள்.

இனி வடிவமைப்பு. ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடுவுக்கு 8 மில்லிமீற்றர். ஒரு கட்டியின் உயரம் 9.6 மில்லிமீற்றர். தட்டு என்று ஒரு மெல்லிய வகை உண்டு, அது 3.2 மில்லிமீற்றர், மூன்று அடுக்கினால் ஒரு கட்டி. இந்த மூன்று எண்களும் மனதில் இருந்தால் போதும், மற்றதெல்லாம் கணக்கு.

முதல் கேள்வி அளவு. லெகோ மனித உருவம் சுமார் 4 சென்ரிமீற்றர். அதற்குப் பொருந்தக் கட்டினால் அளவு ஏறக்குறைய நாற்பதில் ஒரு பங்கு. 90 மீற்றர் பாறை 2.25 மீற்றர் வரும். எங்கள் கதவை விட உயரம். ஆகவே குதிரைவீரனை ஓரமாக வைத்துவிட்டு ஐந்நூறில் ஒரு பங்கு என்று வைத்தேன். பாறை 18 சென்ரிமீற்றர், அதாவது 19 வரிசைக் கட்டி. அந்த அளவில் 1.6 மீற்றர் உயரமான மனிதர் எவ்வளவு வருவார் என்று கணக்குப் பார்த்தேன்: 3.2 மில்லிமீற்றர். சரியாக ஒரு தட்டு! இரவு பத்தரை மணிக்குச் சத்தமாகச் சிரித்து உம்மாவிடம் பேச்சு வாங்கினேன்.

இரண்டாவது படிக்கட்டு. ஒவ்வொரு குமிழுக்கும் ஒரு தட்டு உயர்ந்தால் சரிவு 22 பாகை. பள்ளிக்கூடப் படி போல இருக்கும். இரண்டு தட்டு என்றால் 39 பாகை, மூன்று என்றால் 50. யாப்பஹுவப் படியில் ஏறியவர்களுக்குத் தெரியும், பாதியில் திரும்பிப் பார்த்தால் வயிறு கூசும். இரண்டு தட்டு எனக்குப் போதவில்லை, மூன்று சுவர் போல நின்றது. ஒருமுறை இரண்டு, ஒருமுறை மூன்று என்று மாற்றி மாற்றி வைத்தேன். ஐந்து தட்டின் உயரமும் இரண்டு குமிழின் நீளமும் ஒன்றே: 16 மில்லிமீற்றர். எனவே சரிவு துல்லியமாக 45 பாகை. எட்டுக் குமிழ் முன்னே, இருபது தட்டு மேலே.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி மதில். சதுரக் கட்டிகளால் பிறையை எப்படி வளைப்பது? வளைக்க முடியாது, உடைத்து உடைத்துத்தான் திருப்ப வேண்டும். குமிழ்கள் வரைபுத்தாள் போலக் கட்டம் கட்டமாக இருக்கின்றன. ஒரு துண்டைச் சாய்வாக வைத்தால் அதன் இரு நுனியும் ஏதாவது ஒரு குமிழில் பொருந்த வேண்டும். இங்கேதான் ஒன்பதாம் வகுப்புப் பைதகரஸ் வந்து கை கொடுத்தார். மூன்று குமிழ் பக்கமாக, நான்கு குமிழ் முன்னாக நகர்ந்தால் சாய்வுத் தூரம் 5. ஆறு குமிழ் நீளத் துண்டில் முதற்குமிழுக்கும் கடைசிக் குமிழுக்கும் இடைவெளியும் 5. அப்படியே பொருந்தும். நடுவிலுள்ள குமிழ்கள் கீழ்க்குமிழ்களோடு மோதும் என்பதால், ஒவ்வொரு சந்திப்பிலும் வட்டமான ஒற்றைக் குமிழ்த் தட்டு ஒன்றை வைத்து மதிலைச் சற்று உயர்த்தினேன். ஒரு துண்டு கீழே, அடுத்தது மேலே என்று நுனிகள் மாறி மாறி ஏறி நிற்கும். நேராக ஒன்று, 3க்கு 4, 4க்கு 3, குறுக்காக ஒன்று, பிறகு அதே வரிசை திரும்பி: மொத்தம் ஏழு துண்டு. 19 குமிழ் அகலமும் 12 குமிழ் ஆழமுமான ஒரு பிறை. அடியில் தெரிந்த இடுக்கைப் பச்சைத் துண்டுகளால் மறைத்தேன்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஐந்நூறில் ஒரு பங்கில் உண்மையான மதில் என் 32 குமிழ்ப் பச்சைத் தட்டுக்கு வெளியே போய்விடும். அதை உள்ளே இழுத்தேன். மாதிரியின் பக்கத்தில் வைத்த அட்டையில் ‘மதிலும் அகழியும் அளவுக்கு அமைந்தவை அல்ல’ என்று எழுதினேன். எழுதாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் மாதிரி என்பது ஒரு வாக்குமூலம் மாதிரி. அளவைச் சொல்லிவிட்டு மாற்றக்கூடாது.

பாறைக்கு சாம்பல் நிறம் போதாத பிரச்சினையை வாப்பா தீர்த்தார். அவர் மேசன். “வெளிப்பூச்சுத்தானே தெரியும், உள்ளுக்கு எந்தக் கல்லெண்டு ஆர் பார்க்கிறது?” என்றார். வெளிப்பக்கம் சாம்பல், உள்ளே சிவப்பு, நீலம், மஞ்சள். நடுவை வெறுமையாக விட்டு நான்கு தூண் எழுப்பினேன். “மூட்டுக்கு மேல மூட்டு விழக்கூடாது மகள்” என்று அவர் தினமும் வேலைத்தளத்தில் சொல்வதை எனக்கும் சொன்னார். ஒரு வரிசையின் இடைவெளியை அடுத்த வரிசையின் கட்டி நடுவால் மூட வேண்டும். நான்கு வரிசைக்கு ஒரு முறை குறுக்கே நீளத் துண்டு போட்டு வெளிச்சுவரையும் தூண்களையும் கட்ட வேண்டும். பாறைக்கு இதையெல்லாம் செய்தேன்.

படிக்கட்டுக்குச் செய்யவில்லை. அதைத் தனியாகக் கட்டி, மேலே இரண்டு குமிழில் மாத்திரம் பாறையோடு பொருத்தியிருந்தேன். கண்காட்சி நாள் காலை ஓட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். மதகடியில் ஒரு குலுக்கல். படிக்கட்டு முழுதாகக் கழன்று என் பர்தாவின் மேல் விழுந்து நூறு துண்டாகியது. பாறையில் ஒரு கட்டிகூட அசையவில்லை. வகுப்பறைத் தரையில் மூன்று தோழிகளும் நானும் இருந்து மறுபடி கட்டினோம். இம்முறை ஒவ்வொரு ஐந்தாவது தட்டையும் நீளமாக எடுத்துப் பாறைக்குள் செருகினோம். இரண்டு சுவர் சேரும் மூலையில் வாப்பா கற்களை மாறி மாறிக் கோப்பது போல. திறப்பு விழாவுக்குப் பத்து நிமிடம் முன்னர் முடிந்தது.

சிங்கங்களுக்கு எனக்குக் கிடைத்தவை இரண்டு மஞ்சள் ஒற்றைக் கட்டிகள்தான். தம்பி பார்த்துவிட்டு “சோளப்பொரியா?” என்று கேட்டான்.

படியின் அடியில் ஒரு வெள்ளை வட்டத் தட்டை வைத்திருந்தேன். வந்தவர்கள் அதிகம் கேட்டது அதைப் பற்றித்தான். ஒரு தாய் அது கழன்று விழுந்த துண்டு என்று நினைத்து எடுத்து என் கையில் தந்தார். “இல்லை சாச்சி, அது அல்ஹாஜ் அபூ உஸ்மான். கெய்ரோவுக்குப் போகப் புறப்படுகிறார்” என்றேன். அவர் குனிந்து, தட்டை அதே இடத்தில் திருப்பி வைத்துவிட்டு, கலாவூன் யார் என்று கேட்டார். அவர் படியடியில் நின்றது என் கற்பனை என்று அட்டையிலும் எழுதியிருந்தேன்.

பின்னேரம் உம்மா வந்தார். மாதிரியைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். வீட்டுக்கு வந்ததும் வாளியை எடுத்து அலுமாரியின் மேல் வைத்தார். “சோதனை முடிஞ்ச பிறகு” என்றார். பக்கத்து வீட்டுப் பேச்சு இல்லை.

உம்மும்மா மட்டும் விடவில்லை. தண்ணீரூற்றில் இருந்த வீட்டையும் இப்படிக் கட்ட முடியுமா என்று கேட்டார். ஐந்நூறில் ஒரு பங்கில் அது இரண்டு கட்டிதான் வரும், நாற்பதில் ஒரு பங்கு என்றால் கட்டலாம், ஆனால் அளவு வேண்டும் என்றேன். வீட்டின் படமும் இல்லை, உறுதியும் இல்லை. மறுநாள் அஸர் தொழுகைக்குப் பின் அவர் எங்கள் முற்றத்தில் இறங்கிக் காலடி வைத்து நடக்கத் தொடங்கினார். முன் விறாந்தை 9 காலடி. அறை 11. குசினி வாசலிலிருந்து கிணறு வரை 22. அவருடைய காலடி 23 சென்ரிமீற்றர். இணைந்த கணிதக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறேன்.