வெற்றிலைப் பெட்டியில் ஒரு போதைப்பொருள்

போதை என்றதும் கஞ்சாப் பொட்டலத்தையும் மாத்திரை அட்டையையும் மட்டுமே நினைத்துப் பழகிய சமூகத்தில், மூளையின் அதே நரம்புப் பாதையைத் தூண்டி அதே வகை அடிமைத்தனத்தை உண்டாக்கும் புகையிலை, வெற்றிலைப் பெட்டிக்குள் இருப்பதாலேயே சந்தேகத்திலிருந்து தப்பிவிடுகிறது. அகரம், தாடிக்கொம்பு, வேடசந்தூர் என விரியும் திண்டுக்கல் சமவெளியில் அது தப்புவது இன்னும் எளிது. உப்புக் கலந்த கிணற்று நீரையும் தாங்கி வளரும் ஊர்ப் பயிரை யாரும் போதைப்பொருளாகப் பார்ப்பதில்லை. வேடசந்தூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த மெல்லும் புகையிலை ரகங்களுக்கு மீனாட்சி, அபிராமி, பாக்கியலட்சுமி என்று தெய்வப் பெயர்களே சூட்டப்பட்டுள்ளன, பக்திக்குக் குறைவில்லை.

இலையின் வீரியம் நிகோட்டினில் இருக்கிறது. செடி தன்னைத் தின்ன வரும் பூச்சிகளைக் கொல்வதற்காகச் சுரக்கும் இந்த நஞ்சு, ஜெர்மனியில் 1828இல் தனியே பிரித்தெடுக்கப்பட்டது. மூளையின் நரம்பணுக்கள் தமக்குள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் வேதிப்பொருள்களுள் ஒன்றான அசிட்டைல்கோலின் வந்து பொருந்துவதற்கென அணுக்களின் மேற்பரப்பில் ஏற்பிகள் என்னும் புரதங்கள் உள்ளன. நிகோட்டின் அவற்றுள் ஒரு வகையில் போய் ஒட்டிக்கொண்டு, நடுமூளையிலுள்ள அணுக்களை டோபமைன் என்னும் மற்றொரு வேதிப்பொருளைச் சுரக்கச் செய்கிறது. டோபமைனை இன்பச் சுரப்பு என்று அழைப்பது பாதி உண்மையே. உணவு, நீர் போன்று உயிர்வாழத் தேவையானவற்றை மூளைக்கு அடையாளம் காட்டி, ‘இதை மறவாதே, மறுபடியும் தேடு’ என்று பதியவைப்பதே அதன் முதன்மையான பணி. அந்த முத்திரை நஞ்சின்மேல் குத்தப்படும்போது, சாப்பாடு முடிந்த வேளை, வேலை இடைவெளி, பேச்சுத்துணை ஆகிய ஒவ்வொன்றும் புகையிலையை நினைவூட்டும் மணியாகிவிடுகிறது.

தொடர்ந்து பயன்படுத்துவோரிடம் ஏற்பிகள் மரத்துப்போவதோடு எண்ணிக்கையிலும் பெருகுகின்றன. இரத்தத்திலுள்ள நிகோட்டின் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைவதால், பெருகிய ஏற்பிகள் வெறுமையாகி, எரிச்சலும் கவனச் சிதறலும் உறக்கக் குறைவும் தோன்றுகின்றன. நீண்டநாள் போயிலை போடுபவர் தேடுவது பெரும்பாலும் இந்த அவதியிலிருந்து விடுபடும் தற்காலிக நிம்மதியை மட்டுமே.

மெல்லுவது புகைப்பதைவிடத் தீங்கு குறைந்தது என்னும் நம்பிக்கை இங்கு ஆழமாக வேரூன்றியுள்ளது. புகை வழியே செல்லும் நிகோட்டின் சில நொடிகளில் மூளையை எட்டுகிறது என்பதும், மெல்லும்போது அது மெதுவாக ஏறுகிறது என்பதும் உண்மைதான். ஆனால் மெதுவாக ஏறியது நெடுநேரம் இரத்தத்தில் தங்குகிறது, சுண்ணாம்பின் காரத்தன்மையோ நிகோட்டினை வாயின் உட்தோல் வழியே எளிதாகக் கடத்திவிடுகிறது. தாம்பூலம் என்னும் பழைய கலவை, வேதியியல் அறியாமலேயே, போதையைச் செலுத்தும் திறமையான கருவியாக அமைந்துவிட்டது. 2016–17இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வயது வந்தோரில் 10.7 விழுக்காட்டினர் புகைப்பவர்கள், 21.4 விழுக்காட்டினர் புகையில்லாப் புகையிலை பயன்படுத்துபவர்கள். புகையிலையைக் குறைக்க முனையும்போது உழவரின், சுருட்டுத் தொழிலாளரின் பிழைப்பை எண்ண வேண்டும் என்ற வாதமும் நியாயமானதே. அதற்கு மாற்றுப் பயிரும் மாற்றுத் தொழிலுமே விடை.

எல்லாவற்றிலும் பெரிய கவலை பிள்ளைகளைப் பற்றியது. ஆசையை அடக்கி விளைவை எண்ணிப்பார்க்கும் முன்மூளைப் பகுதி இருபது வயதைக் கடந்த பின்னரும் வளர்ந்துகொண்டிருக்கிறது. அது முதிர்வதற்குமுன் டோபமைன் பாதை நிகோட்டினுக்குப் பழகிவிட்டால் பழக்கத்தை உதறுவது மிகக் கடினம். குட்கா, பான்மசாலாவைத் தமிழ்நாடு அரசு 2013இல் தடைசெய்தது. 2003ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமோ பதினெட்டு வயது நிரம்பாதவருக்குப் புகையிலை விற்பதையும், கல்வி நிலையங்களிலிருந்து நூறு கஜத்துக்குள் அதை விற்பதையும் முன்பே தடுத்திருந்தது. ஆயினும் பாட்டிக்குப் போயிலை வாங்கிவரப் பெட்டிக்கடைக்கு அனுப்பப்படும் சிறுவனைக் குற்றத்தின் பாதையில் நிற்பவனாக எந்த வீடும் கருதுவதில்லை. கையிலுள்ள பொருள் இன்னதென்று அறியும் முன்னரே அதன் மணத்துக்கும் அதைக் கொண்டுவந்ததற்குக் கிடைக்கும் பாராட்டுக்கும் அவன் பழகிவிடுகிறான். வீட்டுப் பெரியவர்கள் விட முடியாவிட்டாலும், வாங்கிவரும் வேலையைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்காமலாவது இருக்கட்டும். விட விரும்புவோர் 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணை அழைக்கலாம்.