மலையேறிய நாளும் மற்ற நாட்களும்

அலிபிரியில் தேங்காய் உடைத்துவிட்டுப் படியேறத் தொடங்கும் யாத்திரிகர், ஏறத்தாழ 3,550 படிகளையும், காலி கோபுரம் வரையிலான செங்குத்தான ஏற்றத்தையும், முடிவில் முழங்காலைச் சோதிக்கும் மோகாலிமெட்டையும் கடந்து திருமலையை அடையும்போது, தம் சரீரம் இன்று பட்ட பாட்டுக்கு ஈடாக எவ்வளவு உண்டாலும் தகும் என்று எண்ணுவது இயல்பே. அந்த எண்ணத்தைக் கணக்கு எவ்வளவு தூரம் ஆதரிக்கிறது என்று பார்ப்போம். 65 கிலோ எடையுள்ள ஒருவர் சுமார் 700 மீட்டர் உயரம் ஏறுவதற்குப் பௌதிக சாஸ்திரப்படி வேண்டிய வேலை 107 கலோரியே ஆகும். ஆனால் நம் தசைகள் தாம் செலவழிக்கும் சக்தியில் நான்கில் ஒரு பங்கையோ அதனினும் குறைவாகவோதான் வேலையாக மாற்றி, எஞ்சியதை உஷ்ணமாக வெளியேற்றுகின்றன. ஆகையால் ஏற்றத்தின் உண்மைச் செலவு 425 முதல் 530 கலோரி வரை போகும். மேலே கிடைக்கும் லட்டு ஒன்று 160 முதல் 180 கிராம் வரை நிறையுள்ளது. கடலைமாவும் சர்க்கரையும் நெய்யும் முந்திரியும் சேர்ந்த பண்டம் கிராமுக்கு நான்கு கலோரிக்குக் குறையாதாகையால், மலையேற்றம் முழுவதையும் அந்த ஒரு லட்டு ஈடுகட்டி மிஞ்சிவிடும். பிரசாதத்தைத் தராசில் நிறுப்பது பக்திக்கு அழகன்று. பகிர்ந்து உண்பதே வழக்கம் என்பதால் அந்தப் பேச்சை இத்துடன் விடுகிறேன்.

தினசரி ஆகாரத்துக்குக் கலோரி வரம்பு நிர்ணயித்துக்கொள்ள விரும்புகிறவர் கைப்பேசிச் செயலியைத் திறந்தால், அது வயதையும் உயரத்தையும் எடையையும் கேட்டபின், ‘உங்கள் உழைப்பு எப்படிப்பட்டது?’ என்று ஒரு கேள்வி கேட்கிறது. முதல் மூன்றுக்கும் பொய் சொல்ல இடமில்லை. நான்காவதில்தான் மனிதர் தம்மைப் பற்றித் தாம் கொண்டுள்ள சித்திரத்தை எழுதிவிடுகிறார். மாதம் ஒருமுறை மலையேறுகிறவர் அந்த ஒரு நாளை நினைத்துக்கொண்டு ‘நடுத்தர உழைப்பு’ என்கிறார். மற்ற இருபத்தொன்பது நாட்களில் அவர் நாற்காலியை விட்டு எழுந்தாரா என்பதைச் செயலி அறியாது.

இந்தக் கேள்வி செயலிகளோடு பிறந்ததன்று. 1918-ல் குன்னூரில் ராபர்ட் மக்காரிசன் தொடங்கிய ஆராய்ச்சிக்கூடமே பிற்காலத்தில் விரிந்து, 1958-ல் ஹைதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. நம் தேசத்து ஜனங்களுக்கு எவ்வளவு ஆகாரம் வேண்டும் என்பதை உழைப்பின்படி மூன்றாகப் பிரித்து அது சொல்லிவருகிறது. ஒருவர் அசையாமல் படுத்திருந்தாலும் இருதயமும் நுரையீரலும் மூளையும் இயங்குவதற்கு ஆகும் செலவை அடிப்படையாகக் கொண்டு, அதைக் குறைந்த உழைப்புக்கு 1.4 ஆலும், நடுத்தர உழைப்புக்கு 1.8 ஆலும், கடும் உழைப்புக்கு 2.3 ஆலும் பெருக்குவது 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரையின் முறை; அதன்படி 65 கிலோ எடையுள்ள ஆடவருக்கு முறையே 2,110, 2,710, 3,470 கலோரியும், 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 1,660, 2,130, 2,720 கலோரியும் ஆகின்றன. 2010-ஆம் ஆண்டுக் கணக்கில் 60 கிலோ ஆடவரின் குறைந்த உழைப்புக்கு 2,320 கலோரி கொடுத்திருந்தார்கள். பத்தே ஆண்டில் மாதிரி மனிதரின் எடை ஐந்து கிலோ கூடியும் அவருக்கு உரிய ஆகாரம் குறைந்துவிட்டது என்பதிலிருந்து, நம் நாற்காலிகள் எவ்வளவு சௌகரியமாகிவிட்டன என்று ஊகிக்கலாம்.

பழைய பரிந்துரைகளில் தொழில்களின் ஜாபிதா ஒன்று உண்டு. ஆசிரியர், தையற்காரர், நாவிதர், புரோகிதர் ஆகியோர் குறைந்த உழைப்பினர். நெசவாளி, குயவர், தச்சர், கொத்தனார், விவசாயக் கூலி ஆகியோர் நடுத்தரர். கல்லுடைப்பவரும் விறகு வெட்டுபவரும் கொல்லரும் கடும் உழைப்பாளிகள். திருமலைக் கல்யாணகட்டாவில் அமர்ந்து முடி களைபவர்களை இந்த ஜாபிதா சரியாகவே சொல்கிறது. ஆனால் நகரியில் குழித்தறியில் கால் மிதித்து நெய்தவரும், இன்று ஓடும் விசைத்தறிகளுக்கு நடுவே நின்று அறுந்த நூலை முடிபவரும் நெசவாளி என்ற ஒரே பெயரில் அடங்கினாலும், ஒரே அளவு சோற்றுக்கு உரியவர்கள் அல்லர். சித்தூர்ப் பக்கத்துக் கருங்கல் தொழிலிலும் சம்மட்டியின் வேலையில் பெரும்பங்கை இயந்திர ரம்பம் எடுத்துக்கொண்டுவிட்டது. ஆகவே தொழிலின் பெயரைக் கேட்டுப் பயனில்லை; அந்தத் தொழிலில் கையும் காலும் எத்தனை நாழிகை அசைகின்றன என்றே கேட்க வேண்டும்.

அதற்கு இருபத்துநான்கு மணி நேரத்தையும் கூட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. சித்தூர்க் கச்சேரி ஒன்றில் குமாஸ்தாவாக இருப்பவர் எட்டு மணி உறங்குகிறார். அப்போது அவர் செலவு, மேலே சொன்ன அடிப்படைச் செலவை 1 எனக் கொண்டால், அந்த 1 மட்டுமே. எட்டு மணி உட்கார்ந்து எழுதுகிறார், அப்போது 1.5. குளிப்பது, உண்பது, கடைக்குப் போவது, தொலைக்காட்சி பார்ப்பது ஆகிய எஞ்சிய எட்டு மணிக்குத் தாராளமாக 1.7 வைத்தால், சராசரி 1.4 என்று வருகிறது. இவரே திருப்பதிக்கு மாற்றலாகி, வேங்கடேசுவரா பல்கலைக்கழக வளாகத்தில் தினந்தோறும் விடியற்காலையில் ஒரு மணி நேரம் வேகமாக நடக்கிறார் என்று கொள்வோம். அந்த ஒரு மணியின் செலவு 4 ஆகிறது; ஆனால் நாள் முழுவதற்குமான சராசரி 1.4-லிருந்து 1.5-க்குத்தான் நகர்கிறது. கலோரியில் சொன்னால் நூற்றைம்பதுக்குச் சற்று முன்பின். நடுத்தர உழைப்பைத் தேர்ந்தெடுத்தாலோ செயலி அவருக்கு அறுநூறு கலோரி கூடுதலாக வழங்கிவிடும். வாக்கிங் போகிறேனே, எடை மட்டும் ஏன் இறங்கவில்லை என்று வைத்தியரிடம் முறையிடுகிறவர்களில் பலருடைய விஷயம், அந்த நானூற்றைம்பது கலோரியில்தான் சிக்கிக் கிடக்கிறது.

களைப்பும் மனிதரை ஏமாற்றும். திருமலையில் வைகுண்டம் கியூ காம்ப்ளெக்ஸில் கூட்ட நாளில் தரிசனத்துக்காகப் பல மணி நேரம் காத்திருந்தவர் ஒடிந்துபோய் வெளிவருகிறார். ஆயினும் நிற்பதற்கு ஆகும் செலவு உட்கார்ந்திருப்பதைவிட அற்பமே அதிகம்.

செயலிகளின் எண்களும் நம்மவர் எண்களும் ஒன்றல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். பல செயலிகளில் அளவு 1.2-ல் தொடங்கி 1.9-ல் முடிகிறது, அங்கே 1.375 என்று வைத்து ‘லேசான உழைப்பு’ எனப் பெயரிட்டிருப்பது, இங்கே குறைந்த உழைப்பு எனப்படும் 1.4-க்கு ஏறக்குறையச் சமம். சில செயலிகள் நடையைத் தனியே பதிந்து அதற்குரிய கலோரியையும் சேர்த்துத் தரும். அவற்றில் நடையை நினைத்து உழைப்பு நிலையையும் உயர்த்திக்கொண்டால், ஒரே நடைக்கு இருமுறை கூலி வாங்கியதாகும்.

இதுவரை சொன்னதெல்லாம் தம்மை மிகையாக மதிப்பவர்களைப் பற்றியது. தம்மைக் குறைத்து மதிப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பழைய ஜாபிதா இல்லத்தரசியைக் குறைந்த உழைப்பில் சேர்த்துவிட்டது. பால்மாடு வைத்துப் பிழைக்கும் சித்தூர் மாவட்டத்துக் கிராமங்களில், இருட்டோடு எழுந்து சாணம் அள்ளி, பால் கறந்து, புல்லறுத்துக் கட்டாகத் தலையில் சுமந்து வந்து, பிறகு கேழ்வரகுக் களி கிண்டி எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் உண்ணும் பெண்ணை, ‘நீ என்ன வேலை செய்கிறாய்?’ என்று கேட்டால், ‘வீட்டில்தான் இருக்கிறேன்’ என்பாள். அவளுக்குரிய எண் 1.8-க்குக் குறைந்ததன்று. 1.4 என்று எழுதி அவள் ஆகாரத்தைக் குறைப்பது எனக்குப் பெரும் அநியாயமாகவே படுகிறது.

சந்தேகம் வந்தால் இரண்டு நிலைகளில் தாழ்ந்ததை எடுத்துக்கொண்டு, மூன்று வாரம் அதன்படி உண்டு, வாரத்தில் சில நாட்கள் காலையில் வெறும் வயிற்றோடு எடை பார்ப்பது உத்தமம். எடை நிலையாக நின்றால், உண்ட அளவே செலவின் அளவு. எந்தப் பெருக்கலும் அதைவிடத் துல்லியமாகச் சொல்லாது. எதிர்பார்த்ததைவிட வேகமாக இறங்கினாலோ, உடல் சோர்ந்தாலோ ஒரு படி ஏற்றிக்கொள்ளலாம். கர்ப்பிணிகளும், சுகருக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்களும் இந்தப் பரீட்சையை வைத்தியரைக் கேளாமல் செய்யலாகாது.

ஒருமுறை தேர்ந்தெடுத்த நிலை ஆயுள் முழுவதற்கும் செல்லாது. சித்தூரில் கிளிமூக்கு மாங்காய்ப் பருவம் வந்து கூழ் ஆலைகள் இரவு பகலாக ஓடும் வாரங்களில், லாரியிலிருந்து பெட்டிகளை இறக்கி ஏற்றும் இளைஞருக்கு 2.3 கூட மிகையாகாது. பருவம் முடிந்து ஆலை ஓய்ந்ததும், அவரே ஒரு கடையில் கணக்கெழுத அமர்ந்தால் அவருடைய எண் அந்த வாரமே 1.4-க்கு இறங்கிவிடுகிறது. வயிறு மட்டும் இன்னும் சில மாதங்களுக்குப் பழைய அளவையே கேட்டுக்கொண்டிருக்கும்.