ஊருக்குக் கிளம்புமுன் சொல்லவேண்டிய பேச்சு

மகளின் பிரசவத்துக்கு அமெரிக்கா கிளம்பும் எத்தனையோ பெற்றோரின் வீட்டில் வயதான நாய் ஒன்று இருக்கிறது. மகள் பள்ளிக்கூடம் போன காலத்தில் வந்த நாய். பார்த்துக்கொள்ள வருகிறவரிடம் மாத்திரை, சாப்பாட்டு நேரம், நடை எல்லாம் விவரமாகச் சொல்கிறார்கள். நாய் இறந்துபோனால் என்ன செய்வது என்பதை மட்டும் சொல்வதில்லை. நல்ல காரியத்துக்குப் போகும்போது அதை எதற்கு வாயில் எடுப்பது என்ற தயக்கம்தான். கடைசியில் அந்தப் பாரம் முழுவதும் பார்த்துக்கொள்ள வந்து நடுராத்திரியில் தனியாக நிற்கும் இளைஞரின் தலையில் விழுகிறது.

லேப்ரடார் பொதுவாக 10 முதல் 12 வயதுவரை வாழும். கிரேட் டேன் போன்ற பெரிய இனங்கள் அதற்கும் முன்பே தளர்ந்துவிடும். அந்த வயதை நெருங்கிய நாயை விட்டுப்போகிறவர்கள் இந்தப் பேச்சைத் தவிர்க்கவே கூடாது.

முதலில் ஆபத்தின் அறிகுறிகளைச் சொல்லுங்கள். ஈறு வெளுத்துப்போவது, வயிறு உப்பி வாந்தி வராமல் குமட்டுவது, அசந்து தூங்கும்போதும் நிமிடத்துக்கு 40 தடவைக்கு மேல் மூச்சு வாங்குவது: இவற்றில் எதைக் கண்டாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. நமக்கு வாங்கிவைத்த வலி மாத்திரையை நாய்க்குக் கொடுக்கவும் கூடாது.

எல்லாவற்றையும்விடக் கடினமானது, வலியில்லாமல் ஊசி போட்டு அனுப்பும் முடிவு. உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் மருத்துவர் தயங்குவார். நீங்களோ அப்போது விமானத்தில் இருக்கலாம். ஆகவே கையெழுத்துப் போட்ட கடிதம் ஒன்றை வைத்துவிட்டுப் போங்கள். பிழைக்க வழியில்லை, வேதனை மட்டுமே மிச்சம் என்று மருத்துவர் சொன்னால் ஊசி போடலாம் என்று அதில் இருக்கட்டும். அறுவை சிகிச்சை வேண்டுமா, எவ்வளவு பணம்வரை செலவழிக்கலாம், உங்களைப் பிடிக்க முடியாவிட்டால் உள்ளூரில் யார் முடிவெடுப்பார் என்பதையும் எழுதுங்கள். நகல் ஒன்று மருத்துவரிடம் இருக்கட்டும். முன்பணமும் கொடுத்துவையுங்கள்.

இறந்த நாயின் கண் பெரும்பாலும் திறந்தே இருக்கும். சிறுநீர் கசியலாம், தசை ஓரிரு முறை துடிக்கலாம். முன்பே சொல்லாவிட்டால் பார்ப்பவர் உயிர் இருக்கிறதென்று பதறிவிடுவார். சில மணி நேரத்தில் உடல் விறைத்துவிடும். அதற்குள் காலை மடக்கிப் படுக்கவைத்து, துணியில் சுற்றி ஏசி அறையில் வைக்கச் சொல்லுங்கள். நம்மூர் வெயிலில் அதிக நேரம் தாங்காது. அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குப் புதைக்க இடம் ஏது? எரியூட்டும் இடத்தின் எண்ணை நீங்களே விசாரித்து எழுதிவையுங்கள். சாம்பல் வேண்டுமா, தூக்கத்திலிருந்து உங்களை எழுப்பலாமா என்பதையும் சொல்லிவிடுங்கள்.

பிறகு எதிரில் உட்காரவைத்துக் கேளுங்கள்: “தம்பி, இது உன்னால் முடியுமா?” முடியாது என்றால் வருத்தப்படாமல் வேறு ஆளைத் தேடுங்கள். முடியும் என்றால், “நீ இருக்கும்போது அது போய்விட்டால் உன்மேல் ஒரு குற்றமும் இல்லை” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். முதல் வாரத்திலேயே நாய் போய்விட்டாலும், பேசிய பணத்தை முழுதாகக் கொடுத்துவிடுங்கள்.